கோதுமைக்கு நான் சொன்ன சாட்சி

என் மகனே,

இந்தக் கடிதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். திருச்சி கான்வென்ட்டில் என் கையெழுத்தையும் இலக்கணத்தையும் சிஸ்டர்கள் ஸ்கேலை வைத்துத் திருத்தினார்கள். இன்றும் உன் ஆபீஸ் மெயிலைக் காட்டினால் பத்திக்கு ஒரு பிழையாவது எடுத்துக் கொடுப்பேன். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் நீ மேலிருந்து கீழே ஒரு பார்வை ஓட்டிவிட்டு "ஓகேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், மெதுவாகப் படிப்பாய். எனக்கு அதுதான் வேண்டும்.

அடுத்த வாரம் நீங்கள் மூன்று பேரும் நெதர்லாந்துக்குக் கிளம்புகிறீர்கள். ஹாலில் நடக்க இடமில்லாமல் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. தாரா ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு "நக்கோ, நக்கோ", வேண்டாம் வேண்டாம் என்று எல்லாத் துணிகளையும் வெளியே எறிகிறாள். என்னையும் வரச் சொன்னாய், நான்தான் மறுத்தேன். தேஹு ரோடில் அப்பா டிப்போவில் வேலை பார்த்தபோது வாங்கிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து, சுண்ணாம்பு அடித்து, என் சாமான்களோடு உட்கார எனக்கு ஆசை. மகர்பட்டாவில் பதினோராவது மாடியில் இருந்தால் மழை பெய்வதுகூடக் காதில் விழுவதில்லை. ஆகவே என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் எழுத உட்கார்ந்தது தாராவின் சாப்பாட்டைப் பற்றி. நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதி நேரம் நீ காதில் அந்த ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தாய். வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே வாய் திறக்காமல் இருப்பதுதான் நியாயம் என்று மீதி நேரம் சும்மா இருந்தாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

தாராவுக்கு ஒரு வயது முடிந்து முக்தா வேலைக்குத் திரும்பிய மழைக்காலத்தில்தான் தாய்ப்பால் நின்றது. பகலில் குழந்தை என் பொறுப்பு, ஆனால் சாப்பாட்டைத் தானே செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது முக்தாவின் பிடிவாதம். காலையில் மெல்லிசாகச் சப்பாத்தி இட்டு டப்பாவில் வைப்பாள். அவர்கள் பாஷையில் அதற்குப் போளி என்று பெயர். நம் போளி வேறு, இது வேறு. அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சூடான பாலில் ஊறவிட்டு, துளி சர்க்கரை போட்டுப் பிசைந்து ஊட்ட வேண்டும். தூத்-போளி. "ஆயி, எனக்கும் என் அண்ணனுக்கும் எங்க அம்மா இதத்தான் குடுத்தாங்க. புனேல எல்லாக் குழந்தையும் இதத்தான் தின்னு வளருது" என்றாள். நான் மனதுக்குள் மட்டும், பல் முழுசாக முளைக்காத குழந்தைக்குப் பருப்பும் சோறும் குழைத்துக் கொடுக்காமல் கோதுமையைக் கொடுப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும், கோதுமை என்றால் ரேஷனில் அரிசி தீர்ந்துபோன நாளில் சாப்பிடுவது என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

நவராத்திரியின்போது எதிர் வீட்டுக்காரி விரதத்துக்குச் செய்த சாபுதானா கிச்சடியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். ஜவ்வரிசிதானே என்று நானும் ஒரு வாய் கொடுத்தேன். அதில் வேர்க்கடலையைப் பொடித்து அள்ளிப் போட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். குழந்தைக்கு அது ஆகாது என்பது யாருக்கும் தெரியாது. நான் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் உதடு வீங்கிவிட்டது. நீ வண்டியை ஓட்டிய ஓட்டம் எனக்கு மறக்காது. அன்று ஊசி போட்டுச் சரியானது. அன்றிலிருந்து வேர்க்கடலை வீட்டுக்குள் வருவதில்லை. டாக்டர் எழுதித் தந்த மருந்து முக்தாவின் கைப்பையில் ஒன்று, என் சுருக்குப்பையில் ஒன்று என்று இருக்கிறது. அந்த ஊரிலும் அப்படியே இருக்கட்டும். இதில் நமக்குள் சண்டை வந்ததில்லை. கண்ணுக்கு முன்னால் வீங்கிய உதட்டைப் பற்றி யாரும் வாதம் செய்ய முடியாது அல்லவா.

சண்டை வந்தது வயிற்றால்தான். அந்தத் தீபாவளி சமயத்தில் தாராவின் கை கால்கள் குச்சியாகி, வயிறு மட்டும் மத்தளம்போல நின்றது. தினமும் வயிற்றுப்போக்கு, சிணுங்கல், வாயைச் சுற்றிச் சிவப்பு. எடை ஏறவே இல்லை. நம் குடியிருப்பின் சொசைட்டி டாக்டர் சொட்டு மருந்து ஒன்று எழுதினார். முக்தா அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டயப்பரைத்தான் முதலில் கேட்பாள். எனக்கோ காரணம் தெரிந்துவிட்டது என்ற நிச்சயம். பத்திரிகையில் படித்திருந்தேன், கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று உண்டு, சிலர் வயிறு அதை ஏற்காது என்று. நான் அப்போதே நினைத்தேன் பார் என்று உள்ளுக்குள் ஒரு குரல். அந்தக் குரலில் இருந்த திருப்தியை நீ கேட்டிருந்தால் உனக்கு என்னைப் பிடித்திருக்காது.

முக்தாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், உங்கள் வீட்டுச் சாப்பாடுதான் என் பேத்தியைக் கெடுக்கிறது என்று நான் சொல்வதாக அவள் எடுத்துக்கொள்வாள். நான் சொல்ல நினைத்ததும் அதேதான். ஆகவே சொல்லாமல் செய்தேன். பிஸ்கட் டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றினேன். தூத்-போளியை நிறுத்தினேன். இரவிலும் விடுமுறை நாளிலும்கூட ஊட்டுவதை நானே வாங்கிக்கொண்டேன். நெய் விட்ட பருப்புச் சோறு, ரசம் சோறு, நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த காய் என்று ஊட்டினேன். கார்த்திகை மார்கழிக் குளிர், சளி பிடிக்கும் என்று தயிர் கிடையாது. அது நம் வீட்டில் எப்போதும் உள்ள சட்டம், உனக்கே தெரியும். முக்தா வைத்துவிட்டுப் போன சப்பாத்திகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. சாப்பாட்டை வீணாக்குவது எங்கள் கான்வென்ட்டில் பாவம். அதனால் நானே சாப்பிட்டேன். சப்பாத்தியைக் கண்டால் முகம் சுளிக்கிறவள், தினம் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஊறுகாயோடு அதைத் தின்றேன்.

தாரா தேறினாள். பொங்கல் வருவதற்குள் வயிறு வற்றி, கன்னம் தெரிய ஆரம்பித்தது. முக்தா சொட்டு மருந்து வேலை செய்கிறது என்றாள். நான் சிரித்துக்கொண்டேன். ஆனால் எடை இன்னும் குறைவுதான் என்று சொசைட்டி டாக்டர் பெரிய டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். குழந்தைகளின் வயிற்றுக்கென்றே படித்த அம்மாள். நரைத்த கிராப்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. தாராவின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு மராத்தியில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது, அது இருந்தால் கோதுமையை வாழ்நாள் முழுவதும் தொடக்கூடாது, முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம் என்றார்.

"குழந்தை தினமும் போளி சாப்பிடுதா?"

"தினமும் ரெண்டு, டாக்டர். பால்ல பிசைஞ்சு" என்றாள் முக்தா.

கேட்ட கேள்விக்கு, கேட்கப்பட்டவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் என்னைக் கேட்கவில்லை. நான் கையில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இதை ஒழுக்கம் என்று அந்த நிமிடத்தில் உண்மையாகவே நம்பினேன். பிறகு டாக்டர் எழுதிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "நல்லது. கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கணும். நிறுத்திட்டு டெஸ்ட் பண்ணா ஒண்ணும் தெரியாது. நோய் இருந்தாலும் இல்லைன்னு வந்துடும்." பக்கத்து அறையில் தாராவின் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். நீ அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாய். இல்லை என்று வந்துவிட்டால் என்ன ஆகும்? இனிப் பயமில்லை என்று எல்லோரும் அவளுக்குக் கோதுமையை வாரி வாரிக் கொடுப்பார்கள். உள்ளே குடல் தேய்ந்துகொண்டே இருக்கும். எழுந்து நின்றேன்.

"டாக்டர், ஒரு நிமிஷம். ஊசி போடாதீங்க. குழந்தை கோதுமையே சாப்பிடறதில்ல."

முக்தா திரும்பினாள். "ஆயி, என்ன சொல்றீங்க? நான் தினமும் வெச்சுட்டுப் போற போளி எங்க போகுது?"

"நான் சாப்பிட்டேன்."

அந்த அறையில் யாராவது சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே. பல வீட்ல சொல்றதே இல்ல" என்றார். தாராவுக்கு இப்போதே கோதுமையை மீண்டும் தொடங்க வேண்டும், சில வாரங்கள் தினமும், ஒரு நாளும் விடாமல் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பரிசோதனை, நடுவில் ரொம்ப முடியாமல் போனால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். எதைக் குழந்தைக்கு விஷம் என்று நான் முடிவு செய்திருந்தேனோ, அதையே மருந்து கொடுப்பதுபோலக் கொடுக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஹடப்ஸர் பாலத்தில் போக்குவரத்து நின்றபோது முக்தா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அவங்க என்னத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் தினம் ஆபீஸ்ல உக்காந்து, இன்னைக்கு ரெண்டு போளி தின்னா, இன்னைக்கு ஒண்ணரதான்னு எண்ணிட்டிருந்தேன்." என்னைப் பற்றி என்னிடம் பேசாமல் உன்னிடம் பேசினாள். வீட்டுக்கு வந்ததும், கீழே இருக்கும் பாள்ணாகரில், அதாவது குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், தாராவைச் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மாமியாரைத் திருச்சிக்கு ரயில் ஏற்றியிருப்பேன்.

அன்று நீ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினாய். உன் கல்யாணத்துக்குப் பிறகு நீ எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து சொன்ன முதல் வார்த்தை அது. "முக்தா, அம்மா சொல்லாமப் பண்ணது தப்பு. அதுக்கு அவங்க உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஆனா அந்தக் கோதுமைய அம்மாவே குடுக்கட்டும். அவங்க ஒத்துக்கிட்டு ஒரு வேலையச் செஞ்சா ஒரு வாய்கூடக் குறையாது. பாள்ணாகர்ல பாதியத் தட்டிவிட்டுட்டு முழுசாத் தின்னாள்னு சொல்வாங்க." நான் முக்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மராத்தியில் கேட்டேன், அவளுக்குச் சந்தேகம் இருக்கக்கூடாது என்று. அவள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. "பார்க்கலாம் ஆயி" என்றாள். அது நேர்மையான பதில். நாற்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் 'பரவாயில்லை' என்று பொய் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து வந்த வாரங்களைப் பற்றித்தான் உன்னிடம் நான் இதுவரை பேசவில்லை. டாக்டர் கோதுமை என்று சொன்னார், நான் கோதுமையைக் கொடுத்தேன். அதோடு புதிதாக வேறெதையும் சேர்க்கவில்லை. பரிசோதனை கோதுமைக்கு என்றால் பாலும் சர்க்கரையும் அதில் எதற்கு என்பது என் கணக்கு. அதோடு குளிர் இன்னும் போகவில்லை. எனவே சப்பாத்தியைப் பருப்பில் ஊறவைத்து மதியம் கொடுத்தேன், மாலையில் ரவை உப்புமா. ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். வயிறு உப்புகிறதா என்று சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துத் தானே சட்டையைத் தூக்கி "பொட்டு" என்று தொப்புளைக் காட்டுவாள். ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது, ஒன்றும் ஆகவில்லை. ஒரு மதியம், அவள் கொஞ்சம் இளகலாகப் போனாள். என் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. வந்துவிட்டது, நான் சொன்னது சரிதான் என்று. அடுத்த நிமிடம் எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது. இரண்டு வயதுகூட ஆகாத குழந்தைக்கு நோய் வரவேண்டும் என்று அவளுடைய பாட்டி காத்துக்கொண்டிருக்கிறாள், தான் முட்டாள் இல்லை என்று நிரூபித்துக்கொள்ள. மறுநாள் அவளுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. அன்றுதான் முதல்முறையாக, நான் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் அடிக்கடி வேண்டிக்கொள்கிறவள் அல்ல.

தோற்றேன். ரத்தம் சுத்தம். சீலியாக் இல்லை என்று டாக்டர் சொன்னபோது முக்தா அழுதாள், நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: அப்படியானால் அந்தக் குச்சிக் கால்களும் மத்தளம்போன்ற வயிறும் எதனால்? டாக்டரும் அதையேதான் சொன்னார், இன்னும் முடியவில்லை, பார்த்துக்கொண்டே இருங்கள் என்று. ஆனால் சந்தோஷத்தில் யார் அதைக் கேட்டது?

அவர்கள் வருடப்பிறப்பான குடி பாடவா வந்தது. ஜன்னலில் கம்பும் பட்டுத்துணியும் கவிழ்த்த செம்புமாக முக்தா குடி ஏற்றினாள். அவளுடைய அம்மா கோத்ரூடிலிருந்து தன் கையால் செய்த ஸ்ரீகண்டைப் பெரிய பாத்திரத்தில் எடுத்துவந்தார். கெட்டித் தயிரில் சர்க்கரையும் குங்குமப்பூவும் போட்டுக் குழைத்தது. சூடான பூரியை அதில் தொட்டுத் தாராவுக்குக் கொடுத்தார்கள். இத்தனை மாதம் எதைக் கொடுக்கவும் பயந்த வீடு அல்லவா, அன்று எல்லோரும் ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள். அவளும் கை முழுக்க நக்கினாள். சாப்பாட்டு இலை எடுப்பதற்குள் வாயைச் சுற்றித் தடிப்பு. பிறகு வாந்தி. வேர்க்கடலை அன்று பார்த்ததுபோலப் பயங்கரமில்லை, மூச்சு நன்றாக இருந்தது. கையிலிருந்த மருந்தைக் கொடுத்தோம், தடிப்பு அடங்கியது. நீ டாக்டருக்குப் போன் செய்துகொண்டிருந்தாய். முக்தாவின் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "இந்தப் பூரிதான். ரத்த டெஸ்டாவது மண்ணாவது. உன் மாமியார் அன்னைக்கே சொன்னாங்க, கோதுமை ஆகாதுன்னு. நாமதான் கேக்கல" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எவ்வளவோ நாள் கேட்க ஏங்கிய வாக்கியம் அது. அதுவும் சம்பந்தி வாயால். தலையை ஆட்டியிருந்தால் போதும், என் மானம் முழுசாகத் திரும்பி வந்திருக்கும்.

"இல்ல" என்றேன். "கோதுமை இல்ல. கோதுமைய நான் என் கையால குடுத்தேன், தினமும், ஒரு நாள் விடாம. ஒண்ணும் ஆகல. அதுக்கு நான் சாட்சி."

முக்தா தாராவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "ஆயி, அந்த வாரமெல்லாம் போளிய எதுல பிசைஞ்சீங்க?"

"பருப்புல."

"பால்ல இல்ல?"

"பால் இல்ல. தயிரும் இல்ல. கார்த்திகைல நிறுத்தினது. இன்னைக்குத்தான்..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேஜைமேல் இருந்த ஸ்ரீகண்ட் பாத்திரத்தைப் பார்த்தோம். தூத்-போளியில் போளியை நான் பார்த்தேன். பாலை யார் பார்த்தார்கள்? நம் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் பாலைச் சந்தேகப்படுவது தாயைச் சந்தேகப்படுவது மாதிரி. நான் நிறுத்தியது கோதுமையை என்று நினைத்தேன். அதோடு சேர்த்துப் பாலையும் நிறுத்தியிருக்கிறேன், தெரியாமலே. பிஸ்கட்டிலும் இரண்டும் இருந்தன. ஒரே தட்டில் எப்போதும் ஜோடியாக வந்தவற்றில் நான் எனக்குப் பிடிக்காததைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன். "கோதுமை நிரபராதி, ஆயி" என்றாள் முக்தா. குழந்தை வாந்தி எடுத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அம்மா எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

டாக்டர் பரிசோதித்துப் பால்தான் என்று உறுதி செய்தார். நெய்யை மட்டும் தாராவின் உடம்பு ஏனோ பொறுத்துக்கொண்டிருந்தது, சிலருக்கு அப்படி இருக்கும் என்றார். பிறகு உன்னைப் பார்த்து, வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் இப்படி இருந்ததா என்று கேட்டார். நீ உதட்டைப் பிதுக்கினாய். பதில் என்னிடம் இருந்தது. தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் காலையில் உன்னைப் பால் குடிக்கவைப்பது எனக்கு ஒரு யுத்தம். டம்ளரைக் காலி செய்யாமல் எழுந்திருக்கக்கூடாது என்பது என் சட்டம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் டம்ளர் காலியாக இருக்கும். என் பிள்ளை ஒழுங்கு என்று பெருமைப்படுவேன். ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டேன். உன் அப்பாவின் மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது. "பிள்ளையக் கெடுக்கறீங்களா?" என்று கத்தினேன். "அவன் வயிறு வேணாங்குது. எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலையாக்கும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு உனக்கு அது தானாகவே போய்விட்டது. இன்று ஒரு நாளைக்கு நான்கு காபி குடிக்கிறாய். இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். பெரும்பாலான குழந்தைகள் வளர வளர மீண்டுவிடுவார்கள், அப்பாவே முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றார். வாழ்நாள் முழுவதும் என்ற வார்த்தையோடு ஒரு தை மாதத்தில் நுழைந்த அதே அறையிலிருந்து வளர வளர என்ற வார்த்தையோடு வெளியே வந்தோம். எனக்குக் கால்கள் இலேசாக இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். பால் இல்லாமல் ஒரு கோடை, ஒரு மழைக்காலம். கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, பொடி எழுத்தைப் படித்து, பால் பவுடர் என்றோ, பாலுக்கே மறுபெயரான வே என்றோ கேசின் என்றோ இருந்தால் திரும்ப வைத்தோம். இதில் என் கண்ணாடியும் என் பொறுமையின்மையும் உபயோகமாக இருந்தன. தாரா கேழ்வரகுக் கூழும் சப்பாத்தியும் மீனும் முட்டையும் தின்று உருண்டாள். அவள் சப்பாத்தி கேட்டு அழும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பாக வரும்.

இப்போது நீங்கள் போவது ரொட்டியும் சீஸும் தின்கிற ஊர். அங்கே நான்கு விஷயம் என்று எண்ணிச் சொல்ல எனக்குப் பிடிக்காது. ஆனால் இதை நினைவில் வை: அவளுக்கு ஏதாவது ஆனால் எதையும் தானாக நிறுத்தாதே, டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்து. நிறுத்தினால் ஒன்றை மட்டும் நிறுத்து. அதை வீட்டில் எல்லோருக்கும் சொல். குழந்தை சரியானதும், எனக்குப் பிடிக்காதது எதுவோ அதுதான் காரணம் என்று எந்தப் பெரிய மனுஷி சொன்னாலும், நான் சொன்னாலும், நம்பாதே. அங்கே பள்ளியில் விடும்போது, அன்பினால் யாரும் ஒரு துண்டு சீஸ் கொடுத்துவிடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு. கூச்சப்படாதே. நம் ஆட்கள் குழந்தைக்காகப் பேச வேண்டிய இடத்தில் மரியாதை கருதி வாயை மூடிக்கொள்வார்கள். அந்த மரியாதை எப்படிப்பட்டது என்று நான் ஒரு டாக்டர் அறையில் கண்டுகொண்டேன். இன்னொன்று. நீ அன்று ஹெட்போனைக் கழற்றினாயே, அங்கே போயும் அவ்வப்போது கழற்று. முக்தாவுக்கு அந்த ஊரில் சண்டை போட மாமியார்கூடக் கிடையாது.

நேற்றுக் காலை டாக்டரிடம் போனோம் அல்லவா. நீ பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தாய், அதனால் ஆரம்பத்தை நீ பார்க்கவில்லை. வெகுநேரம் அடுப்பில் வெந்த பாலைச் சில குழந்தைகள் முதலில் ஏற்றுக்கொள்வார்கள், ஊருக்குப் போகுமுன் இங்கேயே என் கண்ணெதிரில் பார்த்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். துளி பால் போட்டுச் சுட்ட ஒரு கேக். அதில் பட்டாணி அளவு பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டர் யார் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். முக்தா கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள். நான் என் கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். என்னைக் கேட்கவில்லை என்பதால் அல்ல. அது அவள் கொடுக்க வேண்டியது. அவள் என்னைப் பார்த்தாள். "ஆயி, நீங்க குடுங்க" என்றாள். "ஏன்?" என்றேன். "நீங்க குடுத்தா என்ன நடந்துச்சோ அத அப்படியே சொல்வீங்க. எனக்குப் பயத்துல இல்லாததெல்லாம் தெரியும்."

கொடுத்தேன். காத்திருந்தோம். கொஞ்சம் பெரிய துண்டு கொடுத்தோம், மறுபடி காத்திருந்தோம். அதற்குள் நீ வந்துவிட்டாய். தாரா அந்த அறையிலிருந்த மரக் குதிரையில் ஏறி ஆடிக்கொண்டே இருந்தாள். நான் அவள் வாயைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. எதுவும் நிரூபிக்க வேண்டியதில்லை. பகல் ஏறியது, ஒன்றும் வரவில்லை. குதிரையிலிருந்து இறங்கி வந்து, டாக்டரின் மேஜையைப் பார்த்து, "அஜூன்" என்றாள். இன்னும் வேண்டுமாம். தமிழில் கேள் என்றேன். "இன்னும்" என்றாள்.

பால் டம்ளருக்கு இன்னும் நாள் இருக்கிறது. படிப்படியாகத்தான் போக வேண்டும், எப்படி என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். நிதானமாகப் போங்கள். அங்கே தாராவுக்கு இதைக் கொடுக்கலாமா, அதைக் கொடுக்கலாமா என்று எனக்குப் போன் செய்து கேட்காதே. முக்தாவைக் கேள். நான் சொல்வதைவிட அவள் சொல்வது சரியாக இருக்கும், நான் யாருக்கும் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு எடை ஏறினாள் என்பதை மட்டும் சொல், போதும். இதை முக்தாவுக்கு மராத்தியில் வாசித்துக் காட்டு, ஒன்றையும் விடாதே. அடுத்து வரும் இரண்டு வரிகளைத் தவிர. அவள் பருப்பில் உப்பு போதாது. இத்தனை வருடமாக நான் அதைச் சொல்லவில்லை, தாரா அதை அப்படியே விரும்பிச் சாப்பிடுகிறாள், இனியும் சொல்லப் போவதில்லை.

உன் அம்மா